நீலம் நின்ற ஞாயிறு

"ஸ்டாப்! டேய், ஸ்டாப் லா!"

கவிதா கத்தியதும் பதறிப்போய்க் குழாயைத் திருகி மூடினேன். குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கு அது முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

"எப்பவோ மாறிடுச்சு. நீ பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்க. கண்ண எங்கடா வச்சிருக்க?"

கண்ணைக் குடுவையில்தான் வைத்திருந்தேன். அதுதான் கொடுமை.

சிங்கப்பூரில் தோ பாயோ வட்டாரத்தில் எங்கள் உயர்நிலைப்பள்ளி. உயர்நிலை மூன்றாம் ஆண்டு, பதினைந்து வயசு. வேதியியல் கூடத்தில் மேசைக்கு இரண்டு பேர். எனக்கு ஜோடியாக வாய்த்தவள் கவிதா. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே நான்கு மாடி கீழே குடியிருந்தாள். அவள் வீட்டில் பேசினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

டைட்ரேஷன் என்று ஒரு சோதனை. கீழே கூம்புக் குடுவையில் ஒரு கரைசல். மேலே, பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயில் இன்னொரு கரைசல். மேலே இருப்பதைத் துளித்துளியாக விட்டு, குடுவையின் நிறம் மாறுகிற அந்தத் துளியில் டக்கென்று நிறுத்திவிட வேண்டும். ஒரு துளி கூடினாலும் கணக்கு கோவிந்தா. அன்றைக்கு மஞ்சள், ஆரஞ்சாக மாற வேண்டும். மாறும் மாறும் என்று நானும் காத்திருந்தேன்.

எங்கள் ஆசிரியர் மிஸ்டர் கோ வந்து என் அளவுகளைப் பார்த்தார். ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. பெருமூச்சு விட்டார்.

"கெட்டிக்காரப் பையன். ஆனா ரொம்ப கேர்லெஸ் லா," என்றார்.

கேர்லெஸ். அந்தப் பட்டத்தை எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் சுமந்துகொண்டிருந்தார். அவரை அழைத்து வராமல் இந்த வாரக் கதை நகராது.

மாறன் மாமா

அம்மாவின் ஒரே தம்பி. தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சென்ற வாரம் எழுதினேனே, எங்கள் மூன்றறை வீடு, அதன் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்புச் சத்தம் கேட்டால் அது மாமாதான். கையில் ஒரு பை இருக்கும். பையில் இருப்பதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபம் வரும்.

"பழுத்த தக்காளி வாங்கிட்டு வான்னேன். இது என்னடா, காயா அள்ளிட்டு வந்திருக்க?"

"ரெண்டு நாள் வச்சா பழுத்துட்டுப் போவுது, விடுக்கா."

ஷூ போட்ட நாளில் இரண்டு கால்களிலும் வேறு வேறு காலுறை. பொங்கலுக்குப் போட்டு வந்த சட்டையின் நிறம், கால்சட்டையோடு போருக்குப் போகிற மாதிரி. வாலிபத்தில் மின்கம்பி வேலை கற்றுக்கொள்ளப் போய், சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டவர். "எதுலயும் ஒரு கவனம் கிடையாது," என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், அடுத்து என்ன வரும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ரவிக்கைக் கதை வரும்.

அம்மாவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து அரக்குப் பட்டு வந்திருக்கிறது. தீபாவளிக் கூட்டம். கடைக்குப் போக அம்மாவுக்கு நேரமில்லை. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவித் தம்பி கையில் கொடுத்து, "இதே கலர்ல துணி எடுத்து டெய்லர்ட்ட குடுத்துடு. அளவு ப்ளவுஸ் பைக்குள்ள இருக்கு," என்று அனுப்பியிருக்கிறாள். சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை நெரிசல். கடைக்காரர் பத்துப் பன்னிரண்டு துணிகளைத் தூக்கிப் போட்டு, "பாத்து எடுங்க தம்பி," என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். மாமா நூலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒன்றை எடுத்தார்.

நிச்சயத்தன்று காலையில்தான் தையல்காரரிடமிருந்து ரவிக்கை வந்தது. கரும்பச்சை.

அரக்குச் சேலைக்குக் கரும்பச்சை ரவிக்கை. இப்போது அதைக் 'கான்ட்ராஸ்ட்' என்று இரட்டை விலைக்கு விற்கிறார்கள். அந்தக் காலத்தில் அது மானக்கேடு. வேறு வழியில்லாமல் அம்மா அதையே போட்டுக்கொண்டு சபையில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணடித்துக்கொண்டே, "என்னப்பா, பொண்ணு வீட்டுல யாருக்கும் கண்ணு தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

சபை சிரித்தது. மாமா எழுந்து நின்றார்.

"நாந்தாங்க துணி எடுத்தேன். கூட்டாளிங்களோட கொஞ்சம் போட்டிருந்தேன். நிதானம் இல்ல."

அன்றைக்கு ஒட்டியது அந்தப் பெயர். குடித்துவிட்டு ரவிக்கை வாங்கியவன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா இதை நடித்துக் காட்டுவாள், பெரியவரின் கண்ணடிப்பு உட்பட. நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். அப்பா மட்டும், "நான் பொண்ணு மூஞ்சியத்தான் பாத்தேன், ப்ளவுஸ யாரு பாத்தா?" என்பார். அதற்கும் சிரிப்போம்.

புள்ளிப் புத்தகம்

கவிதாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்காமல் தூங்க மாட்டாள். இடைவேளையில் கேன்டீன் மேசையில் தன் பென்சில் பெட்டியைக் கொட்டினாள்.

"இது என்ன கலர்?"

"ப்ரௌன்."

"இது?"

"அதுவும் ப்ரௌன்தான். என்ன விளையாட்டு இது?"

"டேய் குமரா, ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு," என்றாள். அவள் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நேரே மிஸ்டர் கோவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் கணினியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். வட்டம் நிறையப் புள்ளிகள். "என்ன எண் தெரியுது?" என்றார். புள்ளிதான் தெரிந்தது.

அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். தொடக்கப்பள்ளியில் கண் பரிசோதனைக்கு எங்களை வரிசையில் நிற்க வைத்து, தாதி ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார். முன்னால் நின்ற பையன் எண்களைக் கடகடவென்று சொன்னான். அதே எண்களை நானும் கடகடவென்று சொன்னேன். வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். தாதி என் தலையைத் தட்டி, "குட் பாய்," என்றார்.

அம்மா என்னை அரசாங்கப் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரித்துத் தெரியாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். கண்ணாடி போட்டாலும் சரியாகாது, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"இது பொதுவா அம்மா வழியில பையனுக்கு வரும். உங்க அண்ணன் தம்பி யாருக்காவது இருக்கா?"

"இல்ல டாக்டர். எங்க சைடுல எல்லாருக்கும் கண்ணு நல்லாருக்கும்," என்றாள் அம்மா, வெடுக்கென்று. பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்தோம். இறங்கும்போது, "எங்க சைடாம்ல," என்று முனகினாள்.

இந்தக் கண்ணோடுதான் இன்றைக்கும் காலம் தள்ளுகிறேன். எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் சிவப்புத் தடமும் பச்சைத் தடமும் எனக்கு அக்கா தங்கை மாதிரி. ஆட்கள் "பச்சை லைன்ல ஏறு" என்று வழி சொன்னால், "ஊர் பேரைச் சொல்லுங்க சார்," என்பேன். இப்போது தெம்பனிஸில் குடியிருக்கிறேன், துவாஸில் வேலை. இரண்டும் ஒரே தடம் என்பதால் பிழைத்தேன்.

கண்ணா, கையா?

மறுநாள் மிஸ்டர் கோ என்னைக் கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்தப் பேச்சு இத்தனை ஆண்டாக எனக்குள் தமிழில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"உன் தப்புக்குக் காரணம் கண்ணா, கையான்னு எனக்குத் தெரியணும். கண்ணுன்னா வழி இருக்கு. பரிட்சை நடத்துறவங்ககிட்ட கேட்டு, நிறம் சொல்ல ஓர் ஆள் வச்சுக்கலாம். கைன்னா, நீ இந்தப் பாடத்த விட்டுட்டு வேற எடுத்துக்கிறது நல்லது. செவ்வாய்க்கிழமை வைட்டமின் சி மாத்திரை டெஸ்ட். அதுல சிவப்பு, பச்சை ஒண்ணும் வராது. வெறும் தண்ணி மாதிரி இருக்கிறது கருநீலமா மாறும். தனியா செய். அதுலயும் அளவு சிதறினா, உங்க அப்பா அம்மாவ நான் பாக்கணும்."

கணக்கில் நான் சுமார். ஆங்கிலத்தில் அதைவிடச் சுமார். வேதியியல் ஒன்றில்தான் புத்தகத்தை மூடிய பிறகும் யோசித்துக்கொண்டிருப்பேன். மருந்து செய்கிற இடத்தில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அப்போதே எனக்குப் பைத்தியம். இந்தப் பாடம் போனால் அதுவும் போயிற்று.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. கண்ணும் சரியில்லை, கையும் சரியில்லை என்று ஆகிவிட்டால்? உண்மையிலேயே நான் கவனமில்லாதவன்தானோ?

சமையலறைச் சோதனை

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்பதனப் பெட்டியின் தலையில் சப்புகிற வைட்டமின் சி மாத்திரை டப்பா ஒன்று வெகுநாளாகக் குந்தியிருந்தது. ஒரு மாத்திரையை எடுத்து அம்மாவின் இடிகல்லில் போட்டேன்.

"கழுவிட்டு இடிடா. இஞ்சி பூண்டு எல்லாம் ஒட்டியிருக்கும்."

தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். சோளமாவைக் காய்ச்சி நீர்க்கக் கலக்கி அதில் கொஞ்சம் விட்டேன். புண்ணுக்குப் போடுகிற அயோடின் மருந்துக்கடையில் கிடைத்தது. காதுச் சொட்டு மருந்துக் குழாயை அலசி எடுத்துக்கொண்டேன். கண்ணாடி டம்ளருக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள்.

முதல் துளி விழுந்தது. விழுந்த இடத்தில் குபுக்கென்று ஒரு நீலம். டம்ளரைச் சுழற்றினேன். காணோம். இன்னொரு துளி. நீலம் வந்தது, சுழற்றியதும் போயிற்று.

மாத்திரைச் சத்து இருக்கும்வரை விழுகிற அயோடினையெல்லாம் அது தின்றுவிடும். தின்று தீர்த்த பிறகு வருகிற துளிக்குத் தடுக்க ஆளில்லை. அது மாவோடு சேர்ந்து கருநீலமாகி அப்படியே நின்றுவிடும். எத்தனை துளியில் நின்றதோ, அதை வைத்துச் சத்து எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

நின்றது. வெள்ளைத் தாளின் மேல் கருகருவென்று நின்றது. எனக்குத் தெரிந்தது! கவிதா இல்லாமல், ஸ்டாப் இல்லாமல், என் கண்ணுக்கே தெரிந்தது.

வாசலில் செருப்புச் சத்தம்.

"என்னடா, வீட்டுக்குள்ள வெடிகுண்டு செய்யிற?" என்று மாமா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மகனுக்குக் கண்ணில் குறை என்பதை அவள் இன்னும் தம்பியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"மாமா, நீங்க ஒரு தடவ செய்ங்களேன்," என்றேன். இன்னொரு மாத்திரையைத் தயார் செய்து சொட்டுக் குழாயைக் கொடுத்தேன்.

"எனக்கு இந்தக் கலரு கிலரெல்லாம் வேணாம்டா."

"கலர் பேரெல்லாம் தெரிய வேணாம் மாமா. வந்தது நிக்குதா, ஓடுதான்னு மட்டும் பாருங்க."

தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டார். வேன் ஓட்டுகிற தடித்த விரல்கள். ஒவ்வொரு துளிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டம்ளரைச் சுழற்றினார். போயிடுச்சு. போயிடுச்சு. இந்தா, இதுவும் போயிடுச்சு. முகம் டம்ளருக்கு மிக அருகில் போயிருந்தது.

சட்டென்று கையை எடுத்தார்.

"நின்னுடுச்சு! குமரா, நின்னுடுச்சுடா! எனக்கே தெரியுதேடா!"

அம்மா திரும்பினாள். அப்பளம் எண்ணெயில் கிடந்தது.

"எனக்கேன்னா என்னடா அர்த்தம்?"

மாமா சிரித்தார். மாட்டிக்கொண்டால் வருகிற சிரிப்பு அது. "ஒண்ணுமில்லக்கா, சும்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள். காய்கறிக் கூடையிலிருந்து இரண்டு மிளகாயை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"இதுல பழம் எது?"

மாமா இரண்டையும் பார்த்தார். அம்மா முகத்தைப் பார்த்தார். மறுபடி மிளகாயைப் பார்த்தார்.

"ரெண்டும் காரம்தானேக்கா."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த ப்ளவுஸ்?"

"நூலோட வச்சுத்தான்க்கா பாத்தேன். எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"குடிச்சிருந்தேன்னு சொன்னியேடா பாவி!"

"நான் என்னைக்குக்கா குடிச்சிருக்கேன்?"

யோசித்துப் பார்த்தால், மாமா பியர் டம்ளரைத் தொட்டு நாங்கள் யாருமே பார்த்ததில்லை. திருந்திவிட்டார் என்று நாங்களாகவே முடிவுகட்டியிருந்தோம்.

"பின்ன ஏண்டா சபையில அப்படிச் சொன்ன?"

மாமா சொட்டுக் குழாயை மேசையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"அதுக்கு முந்தின மாசந்தான்க்கா எலக்ட்ரிக்கல் ட்ரெய்னிங்ல இருந்து என்னைய அனுப்புனாங்க. வயர் கலர் தெரியல. அங்க இருந்த டாக்டர் சொன்னாரு, இது குடும்பத்துல வர்றது, அக்கா இருந்தா அவங்க பையனுக்கும் வரலாம்னு. வீட்டுல சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள உனக்குப் பேச்சு முடிஞ்சிடுச்சு. அந்தப் பெரியவரு கேட்டாருல்ல, பொண்ணு வீட்டுல யாருக்கும் கண்ணு தெரியாதான்னு. அவரு விளையாட்டுக்குத்தான் கேட்டாரு. நான் பயந்துட்டேன். ஆமான்னு சொல்லி, அவங்க தட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டா? தம்பி குடிகாரன்னா பொண்ண வேணாம்னு சொல்ல மாட்டாங்க. பரம்பரையா கண்ணுல குறைன்னா சொல்லுவாங்க."

அம்மா எழுந்து மாமாவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதே கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"லூசு. லூசுப் பயலே. வருஷா வருஷம் உன்னைய வச்சு அப்படிச் சிரிச்சேனேடா."

"சிரிச்சா என்னக்கா? நீ நல்லாத்தானே இருக்க."

அந்த மேசையோரம் நான் நின்றுகொண்டிருந்ததே, அன்றைக்கு அவர் 'ஆமா' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதால்தான். கண்ணை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவன், கேர்லெஸ் என்ற பட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள இருந்தேன்.

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இவனுக்கும் வந்திருக்குடா," என்றாள் தம்பியிடம்.

மாமா முகம் செத்துவிட்டது. என்னை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். பதினைந்து வயசுப் பையனை. "மன்னிச்சிக்கடா," என்றார். எதற்கு மன்னிக்க? எனக்குக் கோபம்கூட வந்தது.

செவ்வாய்க்கிழமை

அடுத்த மேசையில் கவிதா. வாயைத் திறக்கக் கூடாது என்று மிஸ்டர் கோவின் உத்தரவு. பாவம், இரண்டு உதட்டையும் மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நீலம் வந்தது, போனது. வந்தது, போனது. மிஸ்டர் கோ என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது, திரும்பவில்லை. மாமா மூச்சைப் பிடித்த மாதிரியே நானும் பிடித்துக்கொண்டேன். நின்ற துளியில் நிறுத்தினேன். மறுபடி செய்தேன். மறுபடியும்.

மூன்று அளவும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன.

மிஸ்டர் கோ பியூரெட்டைக் குனிந்து படித்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"கை நல்லாத்தான் இருக்கு," என்றார். "நிறம் சொல்ல ஆளுக்கு நான் எழுதிக் கேக்குறேன். நீ இங்கேயே இரு."

கொஞ்சதூரம் போனவர் திரும்பி வந்தார். "அந்த கேர்லெஸ், அத வாபஸ் வாங்கிக்கிறேன் லா."

கவிதா அதற்கு மேல் தாங்க மாட்டாமல் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். வீட்டிலிருந்து நான் கொண்டுபோன மாத்திரையில் மட்டும் டப்பாவில் போட்டிருந்ததைவிடச் சத்துக் குறைவாக இருந்தது. அம்மா கேட்டதும் மருந்துக்கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பினாள். குளிர்பதனப் பெட்டியின் தலைச்சூட்டில் அத்தனை நாள் கிடந்தால் எந்த மாத்திரைக்கும் அதுதான் கதி என்று சொல்லித் தடுத்தேன்.

இப்போது துவாஸில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நான் பார்ப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். நிறத்தைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. துளி விடுவதும் நிறுத்துவதும் இயந்திரத்தின் பொறுப்பு. ஆனாலும் புது மாத்திரை வந்தால், ஒரு தடவையாவது கையால் செய்து பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது.

வெள்ளிக்கிழமை

அந்த வாரம் தோ பாயோ கோயிலில் என் பேரில் அர்ச்சனை. சாயங்காலம் அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்பா இரண்டு தடவை நேரத்தைச் சொல்லிப் பார்த்தார்.

கதவு திறந்தது. நிச்சயதார்த்தப் பட்டு. அதோடு அந்த ரவிக்கை. அலமாரியின் அடியில் இத்தனை வருஷம் கிடந்ததை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே தேக்காவுக்குப் போய், உள்தையலைப் பிரித்து விட்டு, அதுவும் பற்றாமல் பக்கத்தில் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மாமா பூவும் பழமுமாகக் கோயில் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அம்மா நேரே போய் அவர் முன்னால் நின்றாள். முந்தானையை எடுத்து ரவிக்கைக் கையோடு சேர்த்து வைத்துக் காட்டினாள்.

"மாறா, பாத்துச் சொல்லு. மேட்ச்சா இருக்கா?"

மாமா முந்தானையைப் பார்த்தார். ரவிக்கையைப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

"ரொம்ப மேட்ச்சா இருக்குக்கா," என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா."

நானும் நன்றாக உற்றுப் பார்த்தேன். மாமா சொன்னது சரிதான்.